யாருடைய தாழ்மை? கிருஷ்ணபிள்ளை, சாஸ்திரியார், டானியல்: ஒரு வாசிப்பு

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே மிகவும் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று 'நொறுங்குண்ட' என்பது. 51ஆம் சங்கீதத்தில் வருவது. 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியாக எமது வீடுகளுக்குள் வந்து குந்திக்கொண்டது. நல்ல சொல் என்றுதான் சொல்லவேண்டும். உடைந்ததை ஒட்டலாம், முறிந்ததைக் கட்டலாம், நொறுங்கியதைக் கூட்டி அள்ளத்தான் முடியும். அந்த வித்தியாசத்தை அறிந்து வைத்த சொல் அது.

ரொறன்ரோவில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், வெள்ளைக்காரச் சபைகள் தமது காலை ஆராதனையை முடித்துவிட்டுப் போன பிறகு, வாடகைக்கு எடுத்த மண்டபங்களில் எம்மவர் கூடுகிறார்கள். அங்கே இந்தச் சொல் ஒலிக்காத நாள் குறைவு. அதனுடன் ஒரு சூத்திரமும் சேர்ந்தே ஒலிக்கிறது. தேவன் எங்களை நொறுக்கினார், நொறுக்கித் தாழ்த்தினார், தாழ்த்தியபின் ஆசீர்வதித்தார். யுத்தம் நொறுக்கல். ஏஜென்சிக்காரன் ஏமாற்றியதும் நொறுக்கல். கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதும், பிறகு வீடு வாங்கியதும் ஆசீர்வாதம். கேட்பவர்கள் அழுகிறார்கள். அழுகை பொய்யல்ல. ஆனால் அந்தச் சூத்திரம் மெய்தானா என்பது வேறு கேள்வி.

நான் இறையியல் கற்றவனல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தமிழ் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். இங்கே றெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்கிறவன். எனவே இதைப் பிரசங்கமாகவோ எதிர்ப்பிரசங்கமாகவோ எடுத்துக்கொள்ளவேண்டாம். எமது இலக்கியத்தில் இந்தத் தாழ்மை எங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது, யார் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் அந்தச் சங்கீதத்தையே பார்ப்போம். அதைப் பாடியவனாக மரபு சொல்வது தாவீது ராஜாவை. எப்போது பாடினான் என்பதும் தலைப்பிலேயே இருக்கிறது. பத்சேபாளிடம் போனபிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவனைக் கண்டித்தபோது. பத்சேபாளின் கணவன் உரியா, தாவீதின் சேனையில் இருந்த போர்வீரன். அவனைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்கவேண்டும் என்று அவன் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்பியவன் தாவீது. ஆக, நொறுங்கியது ஓர் அரசனின் நெஞ்சு. கொலை செய்தவனின் நெஞ்சு. அதிகாரம் கையிலிருந்தவன், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையை நாத்தான் சொல்லக் கேட்டு, அந்தப் பணக்காரன் தானேதான் என்று தெரிந்து நொறுங்கியது.

இந்தச் சங்கீதத்தை நாங்கள் யார் வாயில் வைக்கிறோம்? புருஷனை இழந்தவளின் வாயில். பிள்ளை காணாமற்போன தாயின் வாயில். தாவீதின் பாட்டை உரியா வீட்டுச் சனம் பாடவேண்டும் என்கிறோம். செய்தவனின் நொறுங்கல் வேறு, செய்யப்பட்டவனின் நொறுங்கல் வேறு. முன்னையதற்கு மனஸ்தாபம் என்று பெயர். பின்னையதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வேதாகமத்தில் பின்னையவர்களுக்கும் பாட்டுகள் இருக்கின்றன. பாபிலோன் ஆற்றங்கரையில் கின்னரங்களை மரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு இருந்தவர்களின் சங்கீதம் இருக்கிறது. புலம்பல் என்று ஒரு முழு ஆகமமே இருக்கிறது. யோபு இருக்கிறான். உன் துன்பத்துக்கு உன் குற்றமே காரணம் என்று பக்தியோடு விளக்கம் சொன்ன அவனுடைய சிநேகிதர்கள்மேல்தான் கடைசியில் தேவனுக்குக் கோபம் வருகிறது. இது ஏனோ பலருக்கு மறந்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு மனிதரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஐக்கிய மொழிபெயர்ப்புக்கு அடித்தளமாக இருந்தது யோவான் பிலிப் பாப்ரிசியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரியின் 18ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு. சென்னை வேப்பேரியில் இருந்தவர். 1761இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சியந்திரம் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1779இல் தமிழ் - ஆங்கில அகராதி ஒன்றும் வெளியிட்டார். இவ்வளவு செய்த மனிதர் கடைசிக்காலத்தில் பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து வாங்கும் விவகாரத்தில் மாட்டிக் கடனாளிச் சிறைக்குப் போய், 1791இல் இறந்தார். சீட்டுக் கவிழ்ந்த கதைகள் தெரிந்த எம்மவருக்கு இதில் புதுமை இல்லை. சங்கீதங்களைத் தமிழாக்கியவர் தானும் நொறுங்கினார் என்று உருக்கமாக எழுதலாம், எழுதியுமிருக்கிறார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி யார் எழுதுவது?

இனி இலக்கியத்துக்கு வருவோம். தமிழில் தாழ்மையைப் பெருங்காப்பியமாக்க முயன்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் நூலைத் தழுவி இவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 'நற்போதகம்' என்ற மாத இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள். கிறிஸ்தவக் கம்பர் என்ற பட்டமும் கிடைத்தது.

மூலத்தை எழுதிய பனியன் யார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஓட்டைச் சட்டி பானைகளுக்கு ஒட்டுப் போட்டுத் திரிந்த தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்தான் என்று 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தவர். 1678இல் வந்த அவரது நூல் சந்தையில் பேசும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. நாசநகரத்தை விட்டு ஓடுகிற ஒருவனின் கதை. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் இப்படிப்பட்டவனுக்குப் 'பரதேசி' என்று பெயர். வேதாகமத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அடிதடிதான். இங்கே வந்தபிறகு அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகி எம்மேல் ஒட்டிக்கொண்டன.

பனியனின் முதற் பாகத்தில் தாழ்மைப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் வருகிறது. மேலே அழகான மாளிகையில் தங்கியிருந்து ஆயுதமும் கவசமும் பெற்றுக்கொண்டு யாத்திரிகன் கீழே இறங்குகிறான். வழுக்காமல் இறங்குவது கடினம் என்று எச்சரித்து அனுப்புகிறார்கள். அவதானமாகவே இறங்குகிறான், என்றாலும் ஓரிரு தரம் வழுக்குகிறான். பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்ற அசுரன் எதிர்ப்படுகிறான். திரும்பி ஓடலாமா என்று யோசித்த யாத்திரிகனுக்கு ஒன்று ஞாபகம் வருகிறது: தன் கவசம் முன்புறத்துக்கு மட்டுந்தான், முதுகுக்கு இல்லை. ஆகவே நிற்கிறான். அசுரன் அவனிடம் கேட்கிற கேள்விகள் எமக்கு நன்கு பழக்கமானவை. எங்கிருந்து வருகிறாய், நீ என் நாட்டிற் பிறந்த என் பிரஜை அல்லவா, உன் அரசனைவிட்டு ஏன் ஓடி வந்தாய். விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தவர்கள் எவரும் இந்த இடத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போகமுடியாது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்டி ஒட்டுக்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. சிறையில் இருந்தவனுக்குத் தெரியத்தானே வேண்டும்.

கிருஷ்ணபிள்ளை இதைத் தமிழாக்கும்போது என்ன நடக்கிறது? சந்தைப் பேச்சு விருத்தமாகிறது. நாடும் நகரமும் வருணனைகளால் நிரம்புகின்றன. கம்பனில் ஊறிய வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த ஓசை கைக்கு எளிதில் வரும், வந்திருக்கிறது, பல இடங்களில் உண்மையிலேயே அழகாகவும் வந்திருக்கிறது. ஆனால் 'நான் ஒன்றுமில்லாதவன்' என்று சொல்வதற்கு இவ்வளவு அணிகலன் எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை. பள்ளத்தாக்குக்கு இறங்குகிறவன் கோபுரத்தையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறான்.

இதற்கு ஒரு காரணம் உண்டென்று எனக்குப் படுகிறது. பாதிரித் தமிழ் என்றாலே கேலி செய்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தை மொழிபெயர்க்க உதவிய ஆறுமுகநாவலர் பின்னர் கிறிஸ்தவத்துக்கு எதிராக எழுதிய நடை எவ்வளவு கூரியது என்பதை வாசகர் அறிவர். மதம் மாறியவன் தமிழையும் தொலைத்துவிட்டான் என்ற ஏச்சு கிருஷ்ணபிள்ளையின் காதிலும் விழுந்திருக்கும். நானும் தமிழன்தான், உங்களைவிட நன்றாகவே பாடுவேன் என்று காட்டும் ரோசம் அந்த நூலின் ஒவ்வொரு பருவத்திலும் தெரிகிறது. தாழ்மையைப் பற்றிய நூல் ஒன்று காயப்பட்ட கௌரவத்திலிருந்து பிறந்திருக்கிறது. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. அடையாளத்தை இழந்தவர்கள் மொழியை இறுகப் பிடித்துக்கொள்வதன் நியாயம் ரொறன்ரோவில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துப்போகிற எங்களுக்குத் தெரியாததா?

நூலில் ஓசையும் பொருளும் ஒன்றாய்ச் சேர்கிற இடங்களும் உண்டு. யேசு பிடிக்கப்பட்டு விசாரிக்கப்படும் பகுதி அப்படியானது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலிலும் இதிலிருந்து சில பாடல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. கயிற்றால் பிணிக்கிறார்கள், அவர் எதிர்க்கவில்லை. அவரைக் கட்டிவைத்தது கயிறல்ல, தன்னைக் கட்டுகிறவர்கள்மேல் அவருக்கிருந்த அன்பின் கட்டு என்று கவி சொல்கிறார். இங்கேதான் தாழ்மைக்கு ஒரு சரியான வரைவிலக்கணம் கிடைக்கிறது. அறுக்க முடிந்தவன் அறுக்காமல் நிற்பது தாழ்மை. அறுக்கவே முடியாதவன் நிற்பதற்கு வேறு பெயர். கம்பனின் கம்பீரம் இந்த இடத்தில் வீண்போகவில்லை. வல்லமை உள்ளவனின் மௌனத்தைச் சொல்ல அந்தக் கம்பீரம் தேவைப்படுகிறது.

அதே பகுதியில் ஊர்ச்சனம் புலம்புகிறது. இந்த அநியாயத்தைப் பார்த்தும் நிலம் வெடித்துப் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று. காப்பியங்களில் வழமையாக வரும் உயர்வு நவிற்சிதானே என்று பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தபோது பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிற்பாடு வாசித்தபோது அது அப்படியில்லை. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். நிலம் பிளக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடல் வற்றவில்லை. கிருஷ்ணபிள்ளையின் ஊர்ச்சனத்துக்கு அவர் பதில் எதுவும் எழுதி வைக்காமல் புலம்பலைப் புலம்பலாகவே விட்டிருப்பது அவருடைய பெருந்தன்மை. எங்கள் பிரசங்கிகளிடம் அந்தப் பொறுமை இல்லை. மறுவசனத்திலேயே பதில் வந்துவிடுகிறது.

கிருஷ்ணபிள்ளை தழுவியது பனியனின் முதற் பாகத்தின் கதையைத்தான். அங்கே நாயகன் தனியன். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கூப்பிட, காதுகளுக்குள் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறவன். ஆம்பிளை முதலில் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காணி ஈடுவைத்து அனுப்பப்பட்ட எம்மவரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முதற் காட்சி தேடினாலும் கிடைக்காது. ஆனால் பனியன் அதோடு நிறுத்தவில்லை. 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் மனைவி கிறிஸ்தியானாள், நாலு பிள்ளைகள், மெர்சி என்ற அயல்வீட்டுப் பெண் எல்லாரும் அதே பாதையில் வருகிறார்கள். ஸ்பொன்சர் பண்ணி வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர்களும் அதே பள்ளத்தாக்கை அடைகிறார்கள். அசுரனைக் காணவில்லை. அவ்விடம் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. கூட வருகிற வழிகாட்டி, இந்த வட்டாரத்திலேயே விளைச்சல் கூடிய நிலம் இதுதான், எஜமானுக்கும் முன்பு இங்கே ஒரு வீடு இருந்தது, அவருக்கும் இங்கே உலாவப் பிடிக்கும் என்கிறான். முன்னர் வந்தவனுக்கு இங்கே சண்டை வந்ததற்குக் காரணம் இடமல்ல, இறங்கும்போது அவன் வழுக்கியதுதான் என்றும் சொல்கிறான். அப்போது ஓர் ஆட்டுக்காரப் பொடியன் பாடுவது கேட்கிறது. மோசமான உடுப்பு, ஆனால் பளிச்சென்ற முகம். பட்டுடுத்தவர்களிடம் இல்லாத மன ஆறுதல் என்ற பூண்டு இவன் நெஞ்சில் இருக்கிறது என்கிறான் வழிகாட்டி. மெர்சிக்கு இந்த இடம் நன்றாகப் பிடித்துப்போகிறது. வண்டிச் சக்கரங்களின் இரைச்சல் இல்லாத இடம், இருந்து யோசிக்கலாம், அழவேண்டுமென்றால் அழலாம் என்கிறாள்.

இந்த இரண்டாவது பள்ளத்தாக்கு எங்கள் காப்பியத்துக்குள் வராமற்போனது பெரிய இழப்பு என்பது என் அபிப்பிராயம். முதலாவது பள்ளத்தாக்கில் தாழ்மை என்பது தனி ஆம்பிளையின் வீர சாகசம். அடிபட்டு வென்று மேலே ஏறுவதற்கு ஒரு கட்டம். இரண்டாவதில் அது குடியிருக்கும் இடம். அங்கே ஆசீர்வாதம் என்பது மேலே ஏறுவதல்ல. கிடைப்பது கொஞ்சம் ஆறுதலும் கூட நடக்க நாலுபேரும் மட்டுந்தான். தமிழ்ப் பக்தி மரபுக்கு இது அந்நியமும் அல்ல. மதிமந்திரியாயிருந்த மாணிக்கவாசகர் தன்னை நாயாகச் சொல்லிக்கொண்டதும், சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாட்டைத் தொடங்கியதும், தாய்ப்பூனை கௌவிச் செல்லும் குட்டிபோல் தன் முயற்சி எதுவுமின்றிக் கிடப்பதைத் தென்கலை வைணவர்கள் சொன்னதும் எல்லாம் எங்களிடம் இருந்தவைதான். கிருஷ்ணபிள்ளை காப்பியத்துக்கு நடுநடுவே வைத்த தேவாரங்களில் இந்த ஓட்டம் இருக்கிறது. விருத்தங்கள் உரையாசிரியரை எதிர்பார்த்துக்கொண்டு நிற்க, அந்த எளிய பாட்டுகள் சபைகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதுவே ஒரு தீர்ப்புத்தான்.

ரொறன்ரோவின் 'சாட்சி' என்ற வாய்மொழி இலக்கியத்தை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். இலக்கியம் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். அதற்குக் கட்டுக்கோப்பான கதையமைப்பு உண்டு. முன்பு நான் இப்படி இருந்தேன், பிறகு நொறுக்கப்பட்டேன், இப்போது இப்படி இருக்கிறேன். மூன்றாம் பகுதியில் அநேகமாக ஸ்காபரோ அடுக்குமாடியிலிருந்து மார்க்கம் தனிவீட்டுக்கு இடமாற்றம் நிகழும். நொறுங்கல் இங்கே முற்பணம் மாதிரி. கட்டினால் வீடு கிடைக்கும். கட்டியும் கிடைக்காதவர்கள் மேடைக்கு வருவதில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரின் சாட்சியை நான் கேட்டதில்லை. அவர் பின்வரிசையிலிருந்து, கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்கிவிட்டு, பஸ் எடுத்துப் போகிறார். பனியனின் ஆட்டுக்காரப் பொடியன் சாட்சி சொல்ல எழும்பினால் அவனிடம் மூன்றாம் பகுதி இருக்காது.

இனிச் சங்கடமான விடயத்துக்கு வரவேண்டும்.

எமது தேவாலயங்களில் இன்றும் பாடப்படும் தாழ்மைப் பாட்டுகளில் பல தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாருடையவை. 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்குக் கூட்டிச் செல்லப்பட்டு வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு ஒரே ஆசானிடம் பயின்றவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். நாட்டுப்புறச் சந்தங்களை, குறத்தி பேச்சையெல்லாம் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர். கிருஷ்ணபிள்ளையிடம் இல்லாத மண்வாசனை இவரிடம் உண்டு. பாவியான நான் என்று உருகுவதில் இவருக்கு நிகர் இல்லை.

1820களில் புதிதாய் வந்த மிஷனரிகள் தேவாலயத்துக்குள் சாதி பார்க்கக்கூடாது, எல்லாரும் கலந்திருக்கவேண்டும், இராப்போசனப் பாத்திரத்தில் வரிசை வேறுபாடு கூடாது என்று சொன்னபோது அதை எதிர்த்து எழுதியவரும் இதே சாஸ்திரியார்தான். சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்கு அதனால் பங்கமில்லை என்பது அவர் தரப்பு. 1833இல் பிஷப் டானியல் வில்சன் சாதி வேறுபாடுகளைச் சபைகளிலிருந்து முற்றாக நீக்கவேண்டும் என்று கடிதம் எழுதியதும், வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமான வேளாளக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். மிஷனரிகளிடமும் அகம்பாவம் இருந்தது, அவர்கள் கட்டளையிட்ட தோரணை சரியில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் தன்னைப் புழுவென்று பாடுகிறவன் பக்கத்திலிருப்பவன் குடித்த பாத்திரத்தில் வாய்வைக்க மறுக்கிறான் என்றால் அந்தப் புழு எந்த வகையைச் சேர்ந்தது? தேவனுக்கு முன்னால் எவ்வளவும் குனியலாம், அது செலவில்லாத தாழ்மை. பக்கத்து வாங்கிலிருப்பவனுக்கு முன்னால் ஓர் அங்குலம் குனிவதுதான் செலவு.

யாழ்ப்பாணம் இதில் பின்னிற்கவில்லை. மிஷன் விடுதிகளில் யார் சமைப்பது, யாரோடு இருந்து சாப்பிடுவது என்பது பெரும் பிரச்சினையாக இருந்தது. இதையெல்லாம் கதையாக எழுதியவர் கே. டானியல். 1927இல் ஆனைக்கோட்டையில் பிறந்தவர். இடதுசாரி. 'பஞ்சமர்' நாவலை வாசித்தவர்கள்கூட 1986இல் வந்த 'கானல்' பற்றி அதிகம் கதைப்பதில்லை. ஒடுக்கப்பட்ட சனம் கிறிஸ்தவத்தில் விடுதலை இருக்கும் என்று நம்பி மதம் மாறுகிறது. சாதி தேவாலய வாசலுக்குள்ளும் அவர்களுக்கு முன்னாலேயே போய் இருந்துகொள்கிறது. தலைப்பே விமர்சனம். டானியலின் நடையில் அழகு தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். சம்பவங்களை அடுக்கிக்கொண்டு போகும் தன்மையும், கட்சிப் பார்வை சில இடங்களில் பாத்திரங்களை முந்திக்கொள்வதும் உண்டு. ஆனால் தாழ்மையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கிறிஸ்தவ நூல்களின் வரிசையில் நான் 'கானல்' நாவலையும் வைப்பேன். ஏனெனில் ஏற்கெனவே தரையில் இருத்தப்பட்டவனிடம் வந்து தாழ்மையாயிரு என்று உபதேசிப்பது எப்படிக் கேட்கும் என்பதைக் கீழேயிருந்து கேட்டு எழுதியவர் அவர்.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் கண்ட வெளிநாட்டவர் ஒருவர் சிமோன் வேய் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தத்துவ ஆசிரியை. 1934, 35 காலத்தில் தன் வேலையை விட்டுவிட்டு ரெனோ உட்படப் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாளாகப் போய் நின்றவர். சாதாரண துன்பம் வேறு, மனிதனை உள்ளேயே அடிமையாக்கி முத்திரை குத்திவிடுகிற துன்பம் வேறு என்று பிற்பாடு எழுதினார். இரண்டாவது வகை யாரையும் தானாகப் பரிசுத்தமாக்குவதில்லை. தன்மேலேயே வெறுப்பை வரவழைக்கிறது. ஆயினும் கிறிஸ்துவைச் சிலுவையில் அவர் கண்டதும் இந்த இரண்டாவது வகைக்குள்தான். அவரோடு எனக்குள்ள ஒரே பிணக்கு, அவர் தொழிற்சாலைக்குத் தானாக விரும்பிப் போனவர் என்பது. திரும்பிப் போக அவருக்கு ஒரு வகுப்பறை இருந்தது.

பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிறார். அழகான சடங்கு. யேசு செய்ததும் அதுதான். எஜமான் துவாயைக் கட்டிக்கொண்டு குனிகிறார். ஆனால் குசினியில் கோப்பை கழுவுகிறவனை யாரும் தாழ்மையானவன் என்று சொல்வதில்லை. கழுவுவது அவனுக்கு மணித்தியாலக் கூலி. நான் முன்பு நின்ற ஓர் இடத்தின் முதலாளி தமிழர், பக்திமான். காசுப் பெட்டிக்கு மேலே வசனம் தொங்கும். இரண்டு கிழமைச் சம்பளம் நிலுவையில் நிற்கையில், பொறுமையாயிரு தம்பி, கர்த்தர் உன்னைப் பக்குவப்படுத்துகிறார் என்றார். சம்பளம் தராமல் பக்குவப்படுத்தும் வேலையைக் கர்த்தர் அவரிடம் குத்தகைக்குக் கொடுத்திருந்தார் போலும்.

இப்படியெல்லாம் எழுதுவதால் நொறுங்கலில் ஆசீர்வாதமே இல்லை என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். யாக்கோபின் கதையை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டைவிட்டு ஓடியவன். மாமன் லாபான் வீட்டில் இருபது வருடம் வேலை. சம்பளத்தைப் பலதரம் மாற்றி ஏமாற்றினான் மாமன். ஊருக்குத் திரும்பும் வழியில் யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுக்க முன்பின் தெரியாத ஒருவருடன் மல்லுக்கட்டுகிறான். தொடைச்சந்து சுளுக்கி விலகுகிறது. விடியப்போகிறது, விடு என்கிறார் மற்றவர். ஆசீர்வதித்தாலொழிய விடமாட்டேன் என்கிறான் இவன். ஆசீர்வாதம் கிடைக்கிறது, புதுப்பெயரும் கிடைக்கிறது, நொண்டலும் நின்றுவிடுகிறது. நொறுங்கலும் ஆசீர்வாதமும் ஒன்றாய் வருகிற கதைதான் இதுவும். ஆனால் இதில் பணிந்து கிடந்தவன் யாருமில்லை. பிடித்த பிடியை விடாதவனுக்கே கிடைத்தது. நொண்டலைக் குணமாக்கி அனுப்பியதாகவும் கதை சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து உலகம் அறிந்த மெதடிஸ்த போதகர் டி.ரி. நைல்ஸ், 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதலாவது பேரவையில் பிரசங்கித்தவர். நற்செய்தி சொல்கிறவனைச் சாப்பாடு கிடைக்குமிடத்தை மற்றப் பிச்சைக்காரனுக்குக் காட்டுகிற இன்னொரு பிச்சைக்காரனாக உருவகித்தார். இதில் மேலே நின்று கீழே பார்க்கிறவர் இல்லை. இருவருக்கும் பசி. 'கானல்' நாவலின் சனத்திடம் இப்படி ஒருவர் வந்திருந்தால் டானியல் வேறொரு நாவல் எழுதியிருக்கக்கூடும்.

டானியல் சிகிச்சைக்காக இந்தியா போனவர், 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சாஸ்திரியார் 1864இல் இறந்ததும் தஞ்சாவூரில்தான். ஒருவருடைய பாட்டு இந்த ஞாயிறும் ஸ்காபரோவில் பாடப்படும். மற்றவருடைய நாவலை நண்பரொருவர் என்னிடமிருந்து இரவல் வாங்கிப்போய் எட்டு மாதமாகிறது. சபைப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்திருப்பதாகவும் அவர் இன்னும் படித்து முடிக்கவில்லையென்றும் சொல்கிறார்.